இம்பெல்லரை மாற்றும் முன்

மாசி பிறந்தால் திருவண்ணாமலை மாவட்டத்தின் மோட்டார் பட்டறைகளில் வேலை கூடிவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வந்து சேரும். சிலவற்றில் காயில் கருகியிருக்கும். சிலவற்றில் பேரிங் போயிருக்கும். வேறு சில மோட்டார்களோ நன்றாகவே ஓடும். கொண்டுவந்தவர் சொல்வது ஒன்றுதான்: "மோட்டாரு ஓடுது, தண்ணிதான் பத்தல. கொஞ்சம் பெரிய இம்பெல்லரா பார்த்துப் போட்டுக் குடுண்ணே."

பயிர் வாடும்போது எவருக்கும் தோன்றும் யோசனை இது. ஆனால் பத்தில் ஒரு பங்கு பெரிய இம்பெல்லர், ஒரு நல்ல மோட்டாரை அந்தக் கோடைக்குள்ளேயே கருக்கிவிடக்கூடும். அது ஏன் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பம்பின் வயிற்றில் சுழலும் சக்கரம்தான் இம்பெல்லர். நடுவில் கண்போல ஒரு துளை, அதிலிருந்து விளிம்புவரை வளைந்து செல்லும் தகடுகள். நனைந்த குடையைச் சுழற்றினால் துளிகள் விளிம்பிலிருந்து தெறிக்குமே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. நடுவில் நுழைந்த தண்ணீர் தகடுகளுக்கு இடையே வெளிநோக்கித் தள்ளப்பட்டு, வேகம் பெற்று விளிம்பில் வெளியேறுகிறது. வெளியே நத்தை ஓடு வடிவில் இருக்கும் கேசிங் அந்த வேகத்தைத் தணித்து அழுத்தமாக மாற்றுகிறது. அந்த அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் மேலே ஏற்றுகிறது.

எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதை முடிவு செய்வது விளிம்பின் வேகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று சுற்றும். 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லரின் விளிம்பு அப்போது நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்தால் 39 மீட்டர் வருகிறது. நடைமுறையில் இதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதாவது ஒரு சக்கரத்துக்கு 20 மீட்டர் உயரம். பிராண்டு எதுவானாலும் இந்தக் கணக்கிலிருந்து வெகுதூரம் விலக முடியாது.

தகடுகளின் வளைவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுழலும் திசைக்கு முன்னோக்கி வளைந்து, தண்ணீரை அகப்பையால் அள்ளுவதுபோல இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை பின்னோக்கி வளைந்தவை. முன்னோக்கி வளைந்த தகடு தண்ணீருக்கு அதிக வேகத்தைத் தரும். ஆனால் அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றும்போது பெரும்பகுதி சுழல்களிலேயே வீணாகும். மும்முனை மோட்டாரில் இரண்டு வயர் இடம்மாறிப்போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் ஓரளவு தண்ணீர் வரும். அதைப் பார்த்துவிட்டு "இம்பெல்லர் தேஞ்சு போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. புது இம்பெல்லருக்குப் பணம் எடுக்கும் முன் இரண்டு வயரை மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி பெரிய இம்பெல்லருக்கு வருவோம். வேகம் மாறாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால், தண்ணீரின் அளவு ஏறக்குறைய விட்டத்தின் விகிதத்திலேயே கூடும். ஏறும் உயரம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மோட்டார் தர வேண்டிய சக்தியோ விட்டத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். 130 மில்லிமீட்டரை 143 ஆக்கினால் விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது. உயரம் 21 சதவீதம் கூடுகிறது. சக்தித் தேவை 33 சதவீதம் கூடுகிறது. 5 ஹெச்பி மோட்டாரின் முழுத் திறனும் ஏற்கெனவே செலவாகிக் கொண்டிருந்தால், இப்போது அது ஆறே முக்கால் ஹெச்பி வேலை செய்தாக வேண்டும்.

இதே கணக்கை உலகின் இன்னொரு மூலையில் ஜெட் படகு வைத்திருப்பவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலையில் மிதப்பது என்றால் தீபம் முடிந்தபின் அய்யங்குளத்தில் சுற்றிவரும் தெப்பம்தான் நினைவுக்கு வரும். ஜெட் படகுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பம்பில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆடு மேய்ச்சல் பண்ணையாளர் வில்லியம் ஹாமில்டன், முழங்கால் ஆழமே உள்ள கல்லாறுகளில் எதிர்த்து ஏற ஒரு படகு வேண்டுமென்று 1950-களின் தொடக்கத்தில் இறங்கினார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கல்லில் பட்டு உடையும். ஆகவே படகுக்குள்ளேயே பம்பு வைத்து, அடியில் தண்ணீரை இழுத்துப் பின்புறம் பீய்ச்சினார். முதலில் நீர்த்தாரையை அடிப்பகுதியில் விட்டார். அதை நீர்மட்டத்துக்கு மேலே பின்புறமாக வெளியேறச் செய்தபின் வேகம் நன்றாகக் கூடியது. எட்மண்ட் ஹிலாரி 1977-ல் கங்கை கடலில் சேரும் இடத்திலிருந்து புறப்பட்டு, நந்தப்பிரயாகை அருகே அருவி மறிக்கும் வரை ஆற்றை எதிர்த்து ஏறியது இப்படிப்பட்ட மூன்று படகுகளில்தான். இந்தியக் கடற்படையின் கார் நிகோபார் வகை ரோந்துக் கப்பல்களும் இதே நீர்த்தாரை முறையில் ஓடுகின்றன.

அமெரிக்காவில் ஜெட் படகுப் பம்புகளுக்குப் பெயர்பெற்ற பெர்க்லி நிறுவனம் அதற்கு முன் வயல்களுக்குப் பாசனப் பம்பு செய்துவந்த கம்பெனி. ஆகவே நம் கிணற்றுப் பம்பும் அந்தப் படகின் பம்பும் ஒரே குடும்பம். 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் அழுத்தத்தை ஒரு கூம்புக் குழாய் வழியே வெளியேவிட்டால், அது நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் பீறிடும். விவசாயி அந்த அழுத்தத்தை உயரமாகச் செலவிடுகிறார். படகுக்காரர் வேகமாகச் செலவிடுகிறார். பெர்க்லி பம்புகளின் இம்பெல்லர் அளவுகளுக்கு எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஏ' பெரியது, 'பி', 'சி' என்று போகப் போக விட்டம் குறையும். இன்ஜினின் சக்திக்கு ஏற்ப லேத்தில் கடைந்து குறைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பெரிய இம்பெல்லரை மாட்டினால் இன்ஜின் தன் உச்ச சுற்றுக்கு ஏற முடியாமல் திணறும். படகு எதிர்பார்த்த அளவுக்குப் பாயாது. ஓட்டுபவருக்கு அன்றைக்கே தவறு தெரிந்துவிடும்.

நம் மோட்டாருக்கும் அந்த இன்ஜினுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பெட்ரோல், டீசல் இன்ஜினால் சுமை தாங்க முடியாவிட்டால் அது மெதுவாகிவிடும். அந்தக் காலத்து ஆயில் இன்ஜினும் அப்படித்தான், புகை கக்கி, தளர்ந்து, கேட்பவருக்குச் சொல்லிவிடும். மின்மோட்டார் அப்படித் தளராது. அதன் வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண் பிடித்து வைத்திருக்கிறது. சுமை கூடினாலும் சுற்று பெரிதாகக் குறையாது. அதற்குப் பதில் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் கம்பியில் வெப்பம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காயிலின் காப்புப் பூச்சு மெல்ல மெல்லக் கருகும். வெளியே பார்த்தால் தண்ணீர் நன்றாகக் கொட்டும், விவசாயிக்கு மகிழ்ச்சியாக இருக்கும். சில வாரம் கழித்துக் காயில் போகும்போது பழி கரண்டின் மேல் விழும். பெரிய இம்பெல்லரின் தவறு இப்படி உடனே வெளியே தெரியாமல் போவதுதான் இதில் உள்ள அபாயம்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் நிலத்தடியும் இதற்குத் துணைபோகிறது. 1989-ல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் அடியில் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைக் கடும்பாறை. தண்ணீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும் கீழே விரிசல்களிலும் மட்டுமே. ஆற்று மணல் படிவில் இருப்பதுபோல ஆண்டு முழுவதும் ஒரே மட்டம் நிற்காது. கார்த்திகையில் கைக்கு எட்டும் கிணறு சித்திரையில் அடிப்பாறையைக் காட்டும். ஒரே பம்பு இரண்டு பருவத்திலும் இரண்டு வேறு உயரங்களுக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. கிணறு நிறைந்திருக்கும்போதுதான் மோட்டாருக்குச் சுமை அதிகம். மட்டம் மேலே இருந்தால் ஏற்ற வேண்டிய உயரம் குறைவு. ஆகவே பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது. நம் கிணற்றுப் பம்பு வகையில் தண்ணீர் கூடினால் சக்தித் தேவையும் கூடும். கோடையில் தண்ணீர் போதவில்லை என்று பெரிய இம்பெல்லர் போட்டவரின் மோட்டார், அடுத்த ஐப்பசி மழையில் கிணறு நிறைந்ததும் டிரிப் ஆவதற்கு இதுவே காரணம். அப்போது டெலிவரியில் உள்ள வால்வைச் சற்றே மூடினால் ஆம்பியர் இறங்கும். மூடினால் சுமை ஏறும் என்று நினைப்பவர்கள் ஒரு டாங் டெஸ்டரை வயரில் மாட்டி முள் இறங்குவதைத் தாங்களே பார்க்கலாம். அச்சின் திசையிலேயே தண்ணீரைத் தள்ளும் விசிறி வகைப் பம்புகளில் மட்டும் இது நேர்மாறாக நடக்கும்.

அப்படியானால் தண்ணீர் குறைந்த பம்பை என்ன செய்வது? முதலில் பார்க்க வேண்டியது இம்பெல்லரை அல்ல, அதைச் சுற்றியுள்ள இடைவெளியை. இம்பெல்லரின் கண்பகுதிக் கழுத்தும் கேசிங்கில் உள்ள வேர் ரிங்கும் ஒன்றையொன்று தொடாமல், மில்லிமீட்டரில் சிறு பங்கு இடைவெளியோடு சுழல வேண்டும். வெளிப்புறம் அழுத்தம் அதிகம், கண்ணுக்கருகே குறைவு. ஆகவே மேலே போக வேண்டிய தண்ணீரில் கொஞ்சம் இந்த இடுக்கு வழியே திரும்பக் கண்ணுக்கே வந்துவிடும். கழுத்து 65 மில்லிமீட்டர், இடைவெளி 0.2 மில்லிமீட்டர், அழுத்த வேறுபாடு 15 மீட்டர் என்று வைத்துச் சுமாராகக் கணக்கிட்டால், நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் திரும்புகிறது. மணல் அரித்து அந்த இடைவெளி 0.6 மில்லிமீட்டர் ஆனால், திரும்புவது ஒரு லிட்டருக்கும் மேல். நொடிக்கு 5 லிட்டர் தர வேண்டிய பம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டார் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து உழைக்கிறது. ஒரு புது வேர் ரிங் போட்டு, கழுத்தை லேத்தில் ஒழுங்காக்கினால் பம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஜெட் படகுக்காரர்களும் புது இம்பெல்லர் வாங்குமுன் உள்ளே ஃபீலர் கேஜ் விட்டு இந்த இடைவெளியைத்தான் அளக்கிறார்கள். நம் பட்டறைகளிலும் அந்த வழக்கம் எல்லா இடத்திலும் வர வேண்டும்.

இம்பெல்லரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். தகடு உடைந்திருக்கும், துருவில் ஓட்டை விழுந்திருக்கும். அப்போது கம்பெனிச் சரக்கா, லோக்கல் சரக்கா என்ற கேள்வி எழும். இந்தியாவின் பம்புத் தொழிலுக்குத் தலைநகரம் கோயம்புத்தூர். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் மின்மோட்டார் செய்த ஊர் அது. அங்குள்ள வார்ப்படச் சாலைகளில் அருமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். லோக்கல் என்பதாலேயே எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அது எதைப் பார்த்து வார்க்கப்பட்டது என்பதை. உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். வெண்கல வகைகள் இன்னும் சற்று அதிகமாகச் சுருங்கும். முறையான அச்சில் இந்தச் சுருக்கத்துக்கு இடம் கூட்டியே செய்திருப்பார்கள். ஒரு பழைய இம்பெல்லரையே அச்சாக மணலில் பதித்து நகல் எடுத்தால் விட்டமும் சுருங்கும், தண்ணீர் போகும் வழியும் குறுகும். மாதிரியாக வைத்தது தேய்ந்த இம்பெல்லர் என்றால் அந்தத் தேய்மானமும் நகலில் வந்துவிடும். தகடுகளுக்கு நடுவே விரலை விட்டுப் பாருங்கள். மணல் சொரசொரப்பும் வார்ப்புப் பிசிறும் தட்டுப்பட்டால் அதை வாங்க வேண்டாம்.

சமநிலையும் முக்கியம். இம்பெல்லரில் ஒரு பக்கம் 5 கிராம் கனம் கூடுதலாக, மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,880 சுற்றில் அது ஷாஃப்ட்டை ஏறக்குறைய மூன்று கிலோ எடையின் விசையோடு, நொடிக்கு 48 முறை பக்கவாட்டில் இழுக்கிறது. பேரிங்கும் சீலும் சீக்கிரம் போவதில் வியப்பில்லை. நல்ல பட்டறையில் இம்பெல்லரைக் கத்தி விளிம்புகளின்மேல் உருட்டிச் சமநிலை பார்த்துத்தான் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

எந்த உலோகம் என்பதைத் தண்ணீர் சொல்லும். சுத்தமான கிணற்று நீருக்கு வார்ப்பிரும்பு போதும், விலையும் குறைவு. உப்புத்தன்மை கூடிய நீரில் கன்மெட்டலோ துருப்பிடிக்காத எஃகோ நீடிக்கும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களில் நோரில் என்ற பிளாஸ்டிக் வந்திருக்கிறது. அது வழவழப்பானது, துருவேறாது. ஆனால் தண்ணீரில்லாமல் ஓடினால் சூட்டில் உருக்குலையும்.

ஆழ்குழாய் மோட்டாரில் இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். 80 மில்லிமீட்டர் சக்கரம் மேலே போட்ட அதே கணக்கின்படி ஏழு மீட்டர்போல ஏற்றும். பத்து ஸ்டேஜ் என்றால் எழுபது மீட்டர். போர் ஆழமானதும் இரண்டு ஸ்டேஜ் ஏற்றிவிடச் சொல்வது பரவலான பழக்கம். மோட்டாரின் ஹெச்பி அதைத் தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றினால் முன்பு சொன்ன கதைதான். அடுக்கில் ஒன்றிரண்டை மட்டும் வேறு வார்ப்பில் போடுவதும் நல்லதல்ல. தண்ணீர் எல்லா ஸ்டேஜையும் கடந்துதான் ஏற வேண்டும். குறுகலான ஒன்று மற்ற எல்லாவற்றையும் மட்டுப்படுத்தும்.

உறிஞ்சும் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் கீழிருந்து தள்ளுகிறது. அது கடல்மட்டத்தில் 10.3 மீட்டருக்கு மேல் தள்ளாது. உராய்வும் ஃபுட்வால்வும் போக நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டர்தான். கிணற்றுச் சுவரில் மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைக்கும் வழக்கம் இதனால் வந்தது. அதற்கு மேல் ஆழமானால் இம்பெல்லரின் கண்ணருகே அழுத்தம் மிகவும் தாழ்ந்து, குளிர்ந்த தண்ணீரே கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் அவை வெடித்துச் சுருங்கி உலோகத்தைக் கொத்திக் குழியாக்கும். பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோலச் சத்தம் கேட்டால் இதுதான். பெரிய இம்பெல்லர் அந்த நிலையை இன்னும் மோசமாக்கும். மோட்டாரை இறக்கி வைப்பதே சரியான வழி.

சூரிய சக்திப் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. வெயில் குறைந்தால் சுற்றும் குறையும். சுற்று 80 சதவீதமானால் சக்தித் தேவை 51 சதவீதமாகிறது, ஏற்றும் உயரம் 64 சதவீதமாகிறது. அதிகபட்சம் 60 மீட்டர் ஏற்றக்கூடிய பம்பு அப்போது 38 மீட்டர்தான் ஏற்றும். தண்ணீர் 40 மீட்டர் ஆழத்தில் இருந்தால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வராது. அங்கே ஆழத்துக்கு ஏற்ற ஸ்டேஜ் எண்ணிக்கையைத் தேர்வதுதான் முழு வேலையும்.

இம்பெல்லரைத் தொடாமலே தண்ணீரைக் கூட்டும் வழி ஒன்றும் உண்டு. 2 இன்ச் குழாயில் நொடிக்கு 5 லிட்டர் போனால், 100 மீட்டர் தூரத்துக்கு உராய்வில் மட்டும் 12, 13 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் கரைந்துவிடும். இரண்டரை இன்ச் குழாய் போட்டால் இழப்பு 4 மீட்டர் அளவுக்கு இறங்கும். கிணற்றிலிருந்து தொலைவில் உள்ள வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர் பெரிய இம்பெல்லருக்குப் பதிலாகப் பெரிய குழாயை வாங்குவதே லாபம். அதில் மோட்டாரின் சுமை ஓரளவு கூடும் என்பதால் ஆம்பியரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி, 1990-களின் தொடக்கத்துக்குள் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்துவிட்டது. வறண்ட மாவட்டங்களில் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது, அது தொடர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கரண்ட் பில் வராததால், தேய்ந்த வேர் ரிங் எவ்வளவு விழுங்குகிறது என்று எந்தக் காகிதமும் விவசாயிக்குச் சொல்வதில்லை. மறுபடி மறுபடி காயில் கட்டும் கூலியில் அவர் அதற்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும். பம்பு நன்றாக இருக்கும்போதே, 200 லிட்டர் டிரம் ஒன்று நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நாற்பது நொடி என்றால் நொடிக்கு 5 லிட்டர். அதே நேரத்தில் ஆம்பியர் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் குறித்து, மூன்றையும் தேதியோடு மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. அடுத்த முறை தண்ணீர் குறையும்போது, அந்த எண்களையும் மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள ஹெச்பி, ஹெட், ஆம்பியர் விவரங்களையும் பட்டறைக்காரரிடம் காட்டி, முதலில் வேர் ரிங்கை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இம்பெல்லர் வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.